நல்ல பிடிமானம்

சௌந்தர்யா வாயை அகலத் திறந்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள். வரும் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பல்லை மட்டும் சரிபண்ணச் சொல்லியிருந்தார்கள், வண்டிக்கு எஃப்.சி. எடுக்கச் சொல்வதுபோல.

பிரேஸைக் கழற்ற பிளையரை எடுத்தேன். நான் பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவன். அவள் வாய்தான் என் ஆய்வு.

போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பற்கள். ஃபுளோரைடு ஏறிக் காவி படிந்தவை. மேற்பூச்சான எனாமல், பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி.

அந்த போரைப் போட்டது அவள் அப்பா சென்னியப்பனின் ரிக் வண்டி. அவரே பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டி வைத்தேன்.

பிரேஸ் கம்பியைத் தாங்கப் பல்லுக்கு ஒன்றாக முதலில் ஒட்டிய பிராக்கெட்டுகள் வாரா வாரம் உதிர்ந்தன. கைக்குட்டையில் முடிந்துகொண்டு நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

"ஏனுங்க டாக்டரு, நாங்க கருங்கல்லுலயே ஆயிரம் அடி ஓட்டை போடறோம். உங்களால பல்லு மேல ஒரு பொட்டு ஒட்ட முடியலீங்களா?" என்றார் சென்னியப்பன்.

ரோஷம் வந்துவிட்டது.

பல்லின் மேற்பரப்பை லேசாக உரசினேன். ஆசிட் ஜெல்லை இரண்டு மடங்கு நேரம் வைத்தேன். புதுப் பசை தடவினேன்.

ஒட்டியது.

கரும்பு கடித்தாள். விழவில்லை. முறுக்கு கடித்தாள். விழவில்லை. பற்கள் வரிசைக்கு வந்தன. சென்னியப்பன் எனக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார்.

இப்போது முன்பல்லில் பிளையரை வைத்து அழுத்தினேன்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டக்'.

பிராக்கெட் கையோடு வந்தது. அதன் முதுகில் குருணை அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. காவி நிறம்.

பல்லில் அதே அளவுக்குப் பள்ளம்.

என் வழிகாட்டி சுவாமிநாதன் சார் பிராக்கெட்டை வாங்கி லென்ஸில் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை. பல்லே பெயர்ந்தும் பசை விடாததுதான் எங்கள் துறையில் முதல்தரமான பிடிமானம்.

"சூப்பர்டா! நான்கூட இவ்வளவு எதிர்பார்க்கலை," என்று முதுகில் தட்டினார்.

வாசலில் நின்ற சென்னியப்பன் அதைக் கேட்டு, காவிப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

சௌந்தர்யாவும் கேட்டாள். கண்ணைத் திறக்காமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

மிச்சம் பத்தொன்பது பல். எல்லாம் அதே பசை.