இரண்டாவது ஊசி

"கெஞ்சிக் கேக்கிறேன் சிஸ்டர், எனக்கு ஒரு ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்க!"

கல்லூரி மருத்துவ அறையின் பதிவேட்டில் அம்மாணவனின் பெயரைத் தேடிக்கொண்டிருந்த செவிலியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"போன மாசமே போட்டுக்கிட்டியேப்பா! உன் வகுப்புல பாதிப் பேர் ஊசியைப் பார்த்ததும் ஓட்டம் பிடிச்சாங்க. உனக்கு மட்டும் ரெண்டாவது கேக்குதா?"

"என் தங்கச்சிக்கு ரத்தப் புற்றுநோய், சிஸ்டர். ஆஸ்பத்திரியில நாளைக்கு ஒரு நாள்தான் அவளைப் பார்க்க விடுவாங்க, அதுவும் ஊசி போட்டவங்களை மட்டும். அப்புறம் மூணு மாசம் தனியறை. என்கிட்டேயிருந்து அவளுக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா..."

அவன் குரல் உடைந்தது.

செவிலியின் முகம் இளகிற்று.

"அட அசடே! இன்னைக்குப் போட்டா நாளைக்கே பலிச்சுடுமா? உடம்புல பிடிக்கவே ரெண்டு வாரம் ஆகும். நல்லவேளை, நீ முன்னாடியே போட்டுட்டே. முகக்கவசத்தை மாட்டிக்கிட்டுத் தைரியமாப் போய்ப் பார்த்துட்டு வா."

அவன் நகரவில்லை. நாற்காலியில் சரிந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"இன்னும் என்னப்பா?"

"அன்னைக்கு நான் வரவே இல்ல, சிஸ்டர். ஊசின்னா எனக்குப் பயம். வகுப்புல எனக்குப் பதிலா 'உள்ளேன் ஐயா' சொல்ற சிநேகிதன்தான், என் அடையாள அட்டையோட வந்து கையை நீட்டினான்."