கழுத்தில் வந்த சாட்சி

“மாத்திரைய எல்லாம் கடல்லதான வீசுதீரு?” மெல்வினின் கழுத்தில் புதிதாய்ப் புடைத்திருந்த கட்டியைக் காட்டி அவன் மனைவி எமில்டா சீறினாள். காசநோய் மாத்திரையை அவன் மீன்பிடிக்கத் தனியாக வள்ளத்தில் போன பிறகுதான் விழுங்குவான், பார்த்தவர் யாருமில்லை.

“மாதா சத்தியமா முழுங்குதேன், ஏளா. எனக்கே ஒண்ணும் புரியல.”

“இருமல் நின்ன பொறவு இது எங்கன இருந்து வந்துச்சு?”

ஆஸ்பத்திரியில் சளியையும் கட்டியையும் சோதித்த டாக்டரம்மா சிரித்தார். “ரெண்டுலயும் உயிருள்ள கிருமி இல்ல. இவர் ஒழுங்கா மாத்திரை போட்டதாலதான் வீக்கமே! சோர்ந்து கிடந்த எதிர்ப்பு சக்தி முழிச்சு, மாத்திரையால செத்த கிருமியோட மோதுது. மாத்திரைய நிறுத்திராதீங்க.”

எமில்டா குழம்பினாள். “அப்போ கட்டி நல்லதா டாக்டர்?”

மெல்வின் கட்டியைத் தடவிக்கொண்டான். “நல்லதோ கெட்டதோ, எனக்குச் சாட்சி சொல்ல இது ஒண்ணுதான் வந்துச்சு.”