முயல் லேபிள்

“பேர் என்ன?” என்றார் டாக்டர்.

“மிதுனா.”

“குழந்தை பேர் இல்லம்மா. குடிச்சதோட பேர்.”

அவள் கையிலிருந்த வெள்ளை கேனைப் பார்த்தாள். அதிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

கணவன் சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்தது. கொஞ்சம் ஊற்றினால் பாத்ரூம் தரை பளிச்சென்று ஆகிவிடும். இப்போது போனில் அழுகிறான். பெயர் அவனுக்கும் தெரியாது. பட்டறையில் எல்லாரும் அதை மருந்து என்றுதான் சொல்வார்களாம்.

“பேர் ஒட்டாம கேனை வெளிய விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கே” என்றாள் நர்ஸ்.

ஒட்டித்தான் வந்தது.

பெயரும் இருந்தது. பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மண்டையோடும் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளை பாத்ரூமுக்குள் போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்று அழுதாள்.

எத்தனை நாள்தான் கெஞ்சுவது?

பள்ளிக்கூட நோட்டில் ஒட்டும் லேபிளை எடுத்து இவள்தான் மேலே ஒட்டினாள். முயல் படம் போட்டது. மண்டையோடும் மறைந்தது, பெயரும் மறைந்தது. பிள்ளை பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். ஒன்றாம் வகுப்பு என்றும் எழுதினாள். பாடம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டாள்.

தமிழ்னு போட்டுக்கோ என்று சொல்லி இவளும் சிரித்தாள்.

ஆட்டோவில் வரும்போது, வெந்த உதட்டை அசைத்து மிதுனா ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என் பேருதானம்மா போட்டிருந்துச்சு.”

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

“பேர் தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பாக்க முடியும். சீக்கிரம்மா” என்றார் டாக்டர்.

சுரண்டினாள். பனியன் கம்பெனி வேலை, நகம் வளர்க்க வழியில்லை. நோட்டில் ஒட்டினால் ஒரே வாரத்தில் பிய்ந்து வரும் சனியன், இன்றைக்குப் பார்த்து வர மாட்டேன் என்றது. புடவையிலிருந்து பின்னை உருவினாள்.

முயலின் காது போனது.

பிறகு, மி.

கை நின்றது. அந்த எழுத்துக்குச் சுழி சரியாக வரவில்லை என்று பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியது.

பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். து போனது. னா போனது.

அடியிலிருந்து முதலில் வெளியே வந்தது பெயர் இல்லை.

மண்டையோடு.

அது கண்ணில் பட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பிள்ளை பாத்ரூம் வாசலைத் தாண்டியதே இல்லை.