இதுவரை கேட்காத ஐந்து ஆல்பம்

இரண்டாயிரத்து எண்ணூறு. என் உடம்பிலுள்ள ரத்தம் மொத்தத்தையும் ஒருமுறை வெளியே எடுத்து, அலசி, திரும்ப உள்ளே விடுவதற்கு. ரத்தத்துக்கு விலை போடவில்லை. இது வெறும் சலவைக் கூலி.

வாரம் மூன்று தடவை வருகிற வாடிக்கை, பார்த்துப் போடுங்கள் என்று பேசிப் பார்த்தேன். கவுண்டர் பெண் சிரிக்கக்கூட இல்லை.

ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. கையை அசைத்தால் மெஷின் கத்தும். சுவர்க் கடிகாரம் கண்ணில் படாதபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் ராக். காதைக் கிழிக்கிற கிடாரும் நெஞ்சில் உதைக்கிற ட்ரம்ஸும் இருந்தால் அரை மணி நேரம் ஐந்து நிமிடமாக ஓடும்.

ஆனால் ஒரு ஆல்பத்தை ஒரு தடவைதான் கேட்க முடியும். இரண்டாம் தடவை அதுவே கடிகாரமாகிவிடும். மூன்று பாட்டு முடிந்ததா, பன்னிரண்டு நிமிடம் போயிற்று, இன்னும் இருநூற்று இருபத்தெட்டு என்று மனசு கழிக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே எனக்கு எப்போதும் புதுச் சரக்கு வேண்டும். போன வாரம் வெளிவந்தது, சோம்பலான பாட்டு ஒன்றுகூட இல்லாதது.

எட்டு மாதமாக அதைத் தருபவர் ஊசி மேடம். டயாலிசிஸ் பிரிவின் டெக்னீஷியன். பெயர் வார்டு வைத்தது. எங்கேதான் பொறுக்குகிறாரோ, ஒன்றுகூட இதுவரை சோடை போனதில்லை. என் போனில் ஏற்றி, நேரம் தெரிகிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுப்பார்.

கால்மாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், என் தம்பி.

கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது இங்கே விதி. என் மனைவிக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். ஆகவே இவன் என்னை வண்டியில் கொண்டுவருவான், உட்காருவான், திரும்பக் கொண்டுபோய் விடுவான். பேச மாட்டான். நானும் மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் ஜவுளிக் கடையை இரண்டாக்கி நடுவில் சுவர் எழுப்பினோம். கொத்தனார் வேலையில் சுத்தமானவர். சிமெண்டோடு எங்கள் பேச்சையும் சேர்த்துப் பூசிவிட்டார்.

எழுந்து வெளியே போகவும் முடியாது. அவன் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கக் கூடாது என்றுதான் சத்தத்தை முழுக்க ஏற்றி வைப்பேன்.

அவனும் ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு எதையோ கேட்டுக்கொண்டிருப்பான். நூல் விலை நிலவரமாக இருக்கும். ராக் என்றால் கல் என்று நினைக்கிற ஆள்.

இன்று ஊசி மேடம் ஒரு சீட்டைப் பார்த்துப் பார்த்து என் போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல இருக்கறதக் கேளுங்க சார். ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்கு நாலு கை இருக்கும்போல."

"உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த ஊசி வேலை? பாட்டுக் கடை வச்சா நானே கூட்டு சேர்ந்துடுவேன்."

"ஐயோ, கூட்டா? உங்ககூடவா?" என்று தம்பியை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் பக்கத்துக் கட்டில் மெஷின் கத்தியது. சீட்டை என் போர்வைமேல் போட்டுவிட்டு ஓடினார்.

வலது கையால் எடுத்தேன்.

ஐந்து ஆல்பங்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டிரண்டு தமிழ் எழுத்து. யார் படித்தாலும் வார்த்தையாகாத எழுத்துகள்.

நான் படித்தேன். எண்ணாயிற்று.

அப்பா பத்து எழுத்தைப் பத்து எண்ணாக்கி வைத்திருந்தார். துணிச் சீட்டில் கடைசி விலையை அந்த எழுத்தில்தான் எழுதுவோம். எதுவரை இறங்கலாம் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், எதிரே நின்று பேரம் பேசுகிறவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் யாருக்கும்கூடச் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அதை எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

ஒருவன் கட்டிலில் கிடக்கிறேன்.

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு. நாற்பத்து நான்கு. முப்பத்தாறு. எல்லாம் நிமிடம். எண்ணை மறைத்தே எழுதிப் பழகிய கை, பாட்டுக்கும் அப்படியே எழுதியிருந்தது.

கடைசிக் கிடார் அடங்குவதும் மெஷின் நிற்பதும் எப்போதும் ஒன்றாகவே நடக்கும். மேடத்தின் கைராசி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

தலையை நிமிர்த்தினேன். தம்பி காதிலிருந்த ஒயரைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். கண் ஜன்னல் பக்கம்.

சீட்டில் ஆறாவதாக ஒரு வரியும் இருந்தது. ஓரத்தில் இரண்டு எழுத்து. ஆல்பத்தின் பெயர் இல்லை.

ஊசி மேடம் திரும்பி வந்து, எனக்கு ஹெட்போனை மாட்டி, முதல் பாட்டைத் தட்டிவிட்டார். நாலு கைக்காரன் அடிக்க ஆரம்பித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, எது எப்போது முடியும் என்று எனக்குத் தெரிந்தது.

ஐந்து ஆல்பம், நூற்றுத் தொண்ணூற்றைந்து நிமிடம்.

பெயர் எழுதாத வரி, நாற்பத்தைந்து. அதற்குப் பாட்டு இல்லை, கால்மாட்டில் தம்பி மட்டும்.

ஆக மொத்தம், இருநூற்று நாற்பது.