இடுப்பளவு

“கவுன் சரியாத்தாம்மா இருக்கு. நீதான் பெருத்துட்டே,” என்று கல்யாணப்பெண்ணிடம் பட்டென்று சொல்லி அனுப்பினாள் தையற்காரி.

கல்யாணப்பெண்ணின் அளவை இருபது சதவீதம் குறைத்து முதலில் அவள் தங்கைக்கு வெட்டியிருந்தாள். பிறகு அந்த அளவையே இருபது சதவீதம் கூட்டிக் கல்யாணப்பெண்ணுக்கு வெட்டினாள். அளவு எங்கே ஓடிப்போய்விடும்?

விஷயத்தைக் கேட்ட தையற்காரியின் கணவன் சிரித்துவிட்டான். “நூறுல இருபது போனா எண்பது. எண்பதுக்கு இருபது சதவீதம் பதினாறுதானே? தொண்ணூத்தாறுலயே நின்னுடுச்சு பார்.”

அவள் முகம் செத்துப்போனது. சத்தம் காட்டாமல் தையலைப் பிரித்து, சரியான அளவுக்கு விட்டுத் தைத்தாள். நல்லவேளை, யாருக்கும் தெரியாமல் முடிந்தது.

அடுத்த வாரம் பெண் வந்து போட்டுப் பார்த்தாள். கவுன் தொளதொளவென்று தொங்கியது.

“லூசாயிடுச்சுக்கா!” பெண் துள்ளினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “அன்னிலேர்ந்து ஒருவேளைதான் சாப்பிடறேன். நீங்க மட்டும் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்!” என்று நன்றியோடு கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையற்காரியால் நிமிர முடியவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள்.

“முதல்ல சாப்பிடு கண்ணு. நீ பெருக்கவே இல்ல. என் கணக்குதான் சிறுத்துப்போச்சு.”