பகலில் எதுவும் உண்பதில்லை

ஹிமாயா புத்தகத்தை மேசையில் அடித்து வைத்தாள்.

பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வயசாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

நோன்பு மாதம். நூலகத்தை ஒரு மணிக்கே பூட்டிவிடுவார்கள். கல்லூரியில் போசாக்குப் பாடத்துக்கான ஆய்வுக் கட்டுரையை நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் இதே பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இன்னொரு வருடம் படிக்கவைக்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

கட்டுரை அவளுடைய ஊரைப் பற்றியது. வரிப்பத்தான்சேனையில் வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏன் இரத்தம் குறைகிறது என்பது.

அவளுக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருந்தாள். உம்மா கமீலா விடியலில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் களை பிடுங்கப் போவதை. பானையில் இருப்பதை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு அடியைச் சுரண்டுவதை. மீன் வாங்கிய நாளில் தலை மட்டும் அவள் பங்குக்கு வருவதை.

விரிவுரையாளர் அத்தனையையும் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். உன் உம்மாவின் கதையெல்லாம் உசாத்துணை ஆகாது, மேற்கோள் காட்ட அச்சில் வந்தது வேண்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் ஊரைப் பற்றி அச்சில் வந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்பிலிருந்து வந்த ஏதோ ஒரு நிறுவனம் போட்ட அறிக்கை. அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடும் நூலகர் றாஸிக் ஏணியில் ஏறி, தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தார்.

அதில் இப்படி இருந்தது: 'இக்கிராமத்துப் பெண்கள் பகலில் எதுவும் உண்பதில்லை. வீட்டில் உணவு இருந்தும் உண்பதில்லை. காரணம் அறியாமை. இவர்களுக்குத் தேவை உணவல்ல, விழிப்புணர்வு.'

அந்த விழிப்புணர்வு ஊருக்கு வந்ததை ஹிமாயாவும் கண்டிருக்கிறாள். சிறுவயதில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்கியது. தட்டு நிறைய அப்பிளும் திராட்சையும், பக்கத்தில் பால் கோப்பை. மழைக்கு ஒழுகிய இடத்தில் சிலர் அதையே ஒட்டி அடைத்தார்கள். அதைத் தவிர அந்தப் படத்தால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

பக்கத்தைப் புரட்டினாள். ஒரு புகைப்படம். பள்ளிவாசல் முன்னால் வாளியும் சட்டியுமாகப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். கீழே, 'உணவுக்காகக் காத்திருக்கும் பட்டினிச் சிறுவர்.'

வரிசையில் முதல் ஆளாக நின்று இளிப்பவன் அரிசி ஆலை மீராமுகைதீன் ஹாஜியாரின் மகன். முன்பல் ஓட்டையை வைத்தே கண்டுகொண்டாள். இப்போது ஆலையை நடத்துகிறவன், எழுந்து நிற்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அவனா பட்டினி?

நோன்புக் கஞ்சிக்கு நிற்கிறான்கள். இருக்கிறவன் வீட்டுப் பிள்ளையும் இல்லாதவன் வீட்டுப் பிள்ளையும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியோடு நிற்கிற வரிசை அது.

நோன்பு மாதத்தில் வந்து, பகலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்கள்.

குளக்கட்டு வீதியில் ஒரு வீடும் விடாமல் போனதாக எழுதியிருந்தது. அவளுடைய வீடும் அந்த வீதிதான். கைப்பேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். உம்மா வயலில் நின்றாள். பின்னால் அறுவடை மெசின் இரைந்தது.

ஓம், வந்தானுகள் என்றாள் உம்மா. வெள்ளை வேன். ஒருவன் வேர்த்து வழிந்துகொண்டு நின்றான், பாவமாக இருந்தது, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம்.

"நீங்க அண்டைக்கு நோன்பா உம்மா?"

"இல்லகா. எனக்கு அண்டைக்கு நோன்பில்ல. அடுப்படியில சோறு திண்ட கையும் காயல்ல, வந்து நிக்கிறானுகள். ஆம்புளப் புள்ளையள் கேட்டா, நோன்பு மாசத்துல பகல்ல திண்டனெண்டு வாயால சொல்றதா? ஒண்டும் தின்னல்ல எண்டன்."

ஹிமாயாவுக்குத் தலை கொதித்தது.

மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவளுக்கும் விலக்கு உண்டு. அந்த வீதியில் அன்றைக்கு எத்தனை பேர் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருப்பார்கள்? ஒருத்தி, ஒரே ஒருத்தி வாயைத் திறந்து, நான் தின்றேன் என்று சொல்லியிருந்தால், மற்றவர்கள் ஏன் தின்னவில்லை என்று அவன்கள் கேட்டிருப்பான்கள். எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அதை அச்சடித்து, அட்டை போட்டு, உசாத்துணை ஆக்கிவிட்டார்கள்.

உங்கள் பெயரைப் போட்டு அது பொய்யென்று எழுதட்டா என்று கத்தினாள்.

"என்ட பேரப் போட்டுப் பாரு. பொறகு இந்த வீட்டுப் படி மிதிக்காத."

இணைப்பு அறுந்தது.

உள்ளே வந்து தாளை எடுத்தாள். வேறு வழியில்லை. 'இக்கிராமத்துப் பெண்கள் பகலில் எதுவும் உண்பதில்லை' என்று எழுதி, அடைப்புக்குள் ஆண்டையும் பக்கத்தையும் போட்டாள். பேனை அழுந்திய இடத்தில் தாள் கிழிந்தது.

றாஸிக் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். அவள் கத்தியது உள்ளே வரைக்கும் கேட்டிருக்கிறது.

"நோன்போட இவ்வளவு கோவம் கூடாது தங்கச்சி. நோன்புதானே?"

"ஓம் காக்கா" என்றாள் ஹிமாயா, யோசிக்காமலே.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து கொண்டியைப் போட்டாள். பையின் அடியில் கையை விட்டு, காலையில் வாப்பா காணாமல் உம்மா சுற்றித் தந்த ரொட்டியை எடுத்தாள்.

மெல்லும் சத்தம் வெளியே கேட்காதபடி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.