செத்த சோளத்துக்கு யூரியா

செத்துப்போன பயிருக்கு ஜொனி யூரியா எறிந்துகொண்டிருந்தான்.

செத்தது என்று அவனுக்குத் தெரியும். சாகடித்ததே அவன்தான்.

சோளம் அவனுடையதில்லை, அண்ணன் அன்ட்ரூவுடையது. சினை மாட்டுக்கு வறட்சியில் தீனி வேண்டுமென்று, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே கிடந்த தரிசைக் கொத்திப் போட்ட வெள்ளைச் சோளம்.

அது முழங்கால் உயரம் வந்தபோது அண்ணனைக் கண்டி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சீனி வருத்தம். காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அண்ணி ஐரின் விடியற்காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். களை எடுக்க ஆளில்லை. சோளத்தை மூடிக்கொண்டு புல் வளர்ந்தது.

அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பா இருந்த லயத்து வீடு யாருக்கு என்று தொடங்கிய பேச்சு, பேச்சே அற்று முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க ஜொனிக்குக் கால் வரவில்லை. இதையாவது செய்வோம் என்று களை மருந்து டாங்கியை முதுகில் மாட்டினான். தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே புல் மருந்து அடித்தே முதுகு கூனினவன் அவன். அங்கே அடித்தது போலவே சோள வரிசைக்கு நடுவிலும் அடித்தான். புல் சாகும், தேயிலை நிற்கும். அவன் கண்டதெல்லாம் அதுதான்.

சோளமும் ஒரு புல்தான் என்பது, அது மஞ்சளாகத் தொடங்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது.

இன்று காலை அண்ணன் வீடு வந்தான். அண்ணி வாசலில் நின்று கத்தினாள்.

"எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ! இப்ப மாட்டுக்கு எதப் போடுவேன்?"

நாலு வீடு தள்ளி, ஜொனி தன் வாசலில் நின்றான். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். பகையை மனதில் வைத்துச் செய்தான் என்றுதான் லயமே சொல்லும். இருந்தாலும் திறந்தான்.

அதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். "கத்தாத ஐரின். யூரியா காணல. போட்டது பத்தாமத்தான் மஞ்சளாயிருச்சு."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அண்ணன் ஆயுளெல்லாம் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குள் மெஷினோடு கிடந்தவன். மலை வேலை அவனுக்கு என்ன தெரியும்?

ஜொனிக்கு உடம்பு லேசானது. லேசானதே அவனுக்குப் பிடிக்கவில்லை.

தன் போஞ்சிப் பாத்திக்கு வாங்கி வைத்திருந்த யூரியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். இப்போது அதைத்தான் எறிகிறான். வெள்ளை மணிகள் காய்ந்த இலையில் பட்டுச் சலசலத்து விழுந்தன.

மேலே அண்ணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு மாட்டு வியாபாரி ஜவாஹிர் நானா வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போவாராம். கன்று போடும் வரை வைத்திருக்க வழியில்லையாம்.

பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

அண்ணன். காலில் கட்டு, கட்டுக்கு மேல் ஒரு பொலித்தீன் பை. சோளத்தையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கிட்ட வந்து, யூரியாப் பையைப் பிடுங்கி, வாயை முறுக்கிக் கட்டினான்.

"போதும்டா. இத ஒன் போஞ்சிக்கே போடு."

ஜொனி குனிந்தபடியே கையில் மிஞ்சிய மணிகளை உதறினான்.

"டாங்கிய நல்லாக் கழுவுனியா? கழுவாம போஞ்சிக்கு ஏதும் அடிச்சிராத. அதுவும் போயிரும்."

"அண்ணே..."

"புல்லும் சேத்துல்ல மஞ்சளாயிருக்கு. புல்லுக்குமாடா யூரியா காணல?"

அண்ணன் தடியை இடக்கைக்கு மாற்றினான். மேடேற வசதியாக ஜொனியின் தோளைப் பிடித்துக்கொண்டான். தோளில் அண்ணன் கை கனத்தது.

கொட்டிலைத் தாண்டும்போது, இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து, தீனிதான் வருகிறது என்று மாடு எழுந்து நின்றது.